ஒத்துக்கிட்டு வா என்று சொன்னவன் நான்தான்

போன வாரம் தங்கச்சி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிற பிழைப்பு அவனுக்கு. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலைக்கு மனுப் போடுகிறான். படிவத்தில், 'நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா?' என்று ஒரு கேள்வி.

"மாமா, அந்தப் பழைய கேஸ மறுபடி எடுத்து நடத்த முடியுமா?" என்றான்.

2016-இல் ஒரு ராத்திரி, மலையிறங்கி வரும்போது பிடிபட்டான். ஒரு பீர் குடித்தது உண்மை. ஆனால் கருவியில் ஊதச் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. வாடை அடிக்கிறது என்று எழுதியதோடு சரி. அப்போது ஏலக்காய் எடுப்பு மும்முரம். வாய்தாவுக்கு அலைந்தால் வாடகை போய்விடும். "ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிட்டு வா மாப்ள" என்றேன். 2,000 ரூபாய் கட்டினான். முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

தெரிந்த வக்கீலிடம் கூட்டிப் போனேன். அவர் சொன்னது இதுதான். கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அதே நீதிமன்றம் மாற்ற முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு, தண்டனையின் அளவையும் செல்லுபடியையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு உண்டு. சீராய்வு மனுவுக்குக் கெடு 90 நாள். இத்தனை வருடத் தாமதத்துக்குக் காரணம் சொல்வது லேசில்லை.

அன்றைக்கே வழக்கை நடத்தியிருந்தால் பேச இடம் இருந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. வாடை, தள்ளாட்டம் இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவுகட்ட முடியாது என்று, பச்சுபாய் கர்யானி வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அளந்து பார்க்காததை இனி யார் அளப்பது?

குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப் நிறையக் கூலிக்குப் போகிற பெண்கள். 2019 திருத்தத்தில் அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது சரிதான். ஆனால், 'நீ கட்டுவது வெறும் அபராதம் இல்லையப்பா, இது தண்டனைத் தீர்ப்பு, உன் பேரோடு நிற்கும்' என்று வரிசையில் நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொன்ன பிறகே, அவன் ஒப்புக்கொள்வதை நீதிமன்றம் ஏற்க வேண்டும். மேலே ஏறி நீதி தேடும் வழி குறுகலாக இருக்கும்போது, கீழே வாசலிலேயே எச்சரிப்பதுதான் நியாயம்.

"இல்லைன்னு போட்டுரட்டா மாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம் மாப்ள. ஆமான்னு போடு. நடந்தத கீழ நாலு வரி எழுது."

இந்தத் தடவை சொன்ன யோசனையாவது சரியாக இருக்கட்டும். வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அதில் பாதிப் பழி என்னுடையது.