நெற்றியில ஊசி போட முதல் கொஞ்சம் கதைப்பம்

எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்குப் போன வருசம் கலியாணம். வயது 26. கூறை எடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு, வீடியோக்காரருக்கு முற்பணமும் குடுத்தாச்சு. மூன்று கிழமைக்கு முதல், அலங்காரத்துக்குப் பேசியிருந்த இடத்தில் 'மணப்பெண் பக்கேஜ்' எண்டு ஒரு ஒஃபர் சொன்னார்கள். ஃபேஷியல், தலைமயிர், நகம், அதோட நெற்றிக்கு ஒரு ஊசி. "அஞ்சு நிமிசம்தான் தங்கச்சி. கோடெல்லாம் போயிடும். கமராவுக்கு முகம் கண்ணாடி மாதிரி இருக்கும்." அவளும் போட்டுக்கொண்டாள்.

பத்து நாளில் கோடுகள் உண்மையாகவே போய்விட்டன. கூடவே புருவமும் கீழே இறங்கிவிட்டது. கண்ணுக்கு மேலே ஏதோ பாரம் வைத்த மாதிரி இருக்குது எண்டாள். கலியாணத்தன்று படம் பிடித்த தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "அக்கா, கண்ணைக் கொஞ்சம் பெருசாத் திறவுங்கோ." அவளால் ஏலவில்லை. பந்தியில் இருந்த சனம், "பொம்பிளைக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லைப் போல கிடக்கு" எண்டு கதைத்ததும் அவளின் காதில் விழுந்தது. விரும்பிக் காதலித்த பொடியனைத்தான் கட்டினாள்!

பிறகு போய்க் கேட்டதற்குக் கிடைத்த மறுமொழி, "போகப் போகச் சரியாகும்." ஊசி போட்டவர் டொக்டரா, போட்ட மருந்தின் பெயர் என்ன, எத்தனை யூனிட் போட்டது, ஒன்றுமே அவளுக்குத் தெரியாது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"என்ர பேரைப் போடாதேங்கோ, ஆனா எழுதுங்கோ" எண்டு அவள்தான் சொன்னாள். அதனால் எழுதுகிறோம். ஊசி போடுகிறவர்களை வெட்கப்படுத்த எழுதவில்லை. எங்கட வயதுப் பிள்ளைகளுக்கு இது என்ன சாமான் எண்டே சொல்லாமல் விற்கிறார்களே, அந்தக் கோபத்தில் எழுதுகிறோம்.

முதலில் அது என்ன எண்டு பார்ப்போம். எல்லோரும் 'பொட்டொக்ஸ்' எண்டு சொல்வது ஒரு கம்பனியின் வணிகப் பெயர். உள்ளே இருப்பது பொட்டுலினம் நச்சு, ஒரு வகை பக்டீரியா சுரப்பது. உலகில் அறியப்பட்ட மிக வலிமையான நஞ்சுகளில் இதுவும் ஒன்று. 1820களில் ஜேர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் எண்ட டொக்டர், பழுதான சொசேஜ் சாப்பிட்டுச் சுகவீனமானவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் கவிஞரும்கூட. இலத்தீனில் 'பொட்டுலஸ்' எண்டால் சொசேஜ், பெயர் அங்கேயிருந்துதான் வந்தது. 1895இல் பெல்ஜியத்தின் ஒரு கிராமத்தில் செத்தவீட்டுக்கு வாசிக்கப் போன வாத்தியக்காரர்கள் உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு நஞ்சானார்கள், சிலர் செத்தும் போனார்கள். அந்தச் சம்பவத்தை ஆராய்ந்துதான் எமில் வான் எர்மெங்கெம் இந்த பக்டீரியாவைக் கண்டுபிடித்தார்.

நஞ்சு மருந்தானது கண்ணுக்காக. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அலன் ஸ்கொட் எண்ட கண் டொக்டர், மாறுகண்ணைச் சரியாக்க இதை மிகச் சிறிய அளவில் பாவித்துப் பார்த்தார். 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும், கண் தானாக இறுக மூடிக்கொள்கிற நோய்க்கும் அனுமதி கிடைத்தது. அழகுக்கு வந்தது தற்செயலாக. 1987இல் கனடாவின் வன்கூவரில் ஜீன் கருதேர்ஸ் எண்ட கண் டொக்டரிடம் ஊசி போட வந்த ஒரு நோயாளி, புருவங்களுக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கேட்டார். அங்கே போட்டால் முகத்தில் இருக்கிற கடுகடுப்புப் போய்விடுகிறது எண்டது அவரின் அனுபவம். ஜீனின் கணவர் அலஸ்டெயர் தோல் டொக்டர். ரெண்டு பேருமாகச் சேர்ந்து தங்கட கிளினிக்கின் வரவேற்பாளருக்கே முதலில் போட்டுப் பார்த்தார்கள். 1992இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புருவ நடுக்கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது. நெற்றிக் கோட்டுக்கு 2017இல்தான் வந்தது.

நெற்றிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பிந்தியது? அனுமதி எப்போது கேட்டார்கள் எண்டதும் அதில் ஒரு பங்கு. ஆனால் நெற்றி சிக்கலான இடம் எண்டதை எங்கட தோழியின் கலியாண அல்பமே சொல்லும். நெற்றித்தசை ஒன்றுதான் புருவத்தை மேலே தூக்குகிறது. மற்றத் தசைகள் எல்லாம் கீழேதான் இழுக்கும். இந்த மருந்து செய்கிற வேலை, நரம்பின் நுனியில் இருந்து தசைக்குப் போகிற சைகையைத் தடுப்பது. சைகை வராவிட்டால் தசை சுருங்காது, சுருங்காவிட்டால் தோலில் மடிப்பு விழாது. ஆனால் அந்த ஒரே தூக்குகிற தசையை அளவுக்கு மிஞ்சிப் படுக்கப் போட்டால், அல்லது புருவத்துக்கு மிகக் கிட்டக் குத்தினால், புருவம் கீழே வரும். அதனால்தான் அனுமதிக்கப்பட்ட முறையில் நெற்றிக்கு 20 யூனிட்டும், சமநிலைக்காகப் புருவ நடுவுக்கு இன்னொரு 20 யூனிட்டும் எண்டு சேர்த்துக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் தசை வேறு, புருவத்தின் உயரம் வேறு. கையை வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய வேலை இது. ஃபேஷியலோடு சேர்த்து இலவசமாகக் குடுக்கிற சாமான் இல்லை.

போட்ட பிறகு, 'வேண்டாம், எடுத்துவிடுங்கோ' எண்டு சொல்லவும் ஏலாது. உதட்டுக்குப் போடுகிற ஃபில்லரில் ஒரு வகையைக் கரைக்க மருந்து இருக்கிறது. இதைக் கரைக்க ஒன்றும் இல்லை. மூன்று, நாலு மாதம் பொறுத்திருக்க வேண்டியதுதான். எங்கட தோழி பொறுத்திருந்தாள். தேனிலவுப் படம் ஒன்றைக்கூட அவள் எங்கேயும் போடவில்லை.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த விசயம். இந்த ஊசியை இப்போது சுருக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டும் விற்கிறதில்லை. சுருக்கமே இல்லாத எங்களுக்கும் விற்கிறார்கள். டிக்டொக்கில், இன்ஸ்டகிராமில் 'தடுப்பு பொட்டொக்ஸ்' எண்டு வருகிறதே, அதுதான். '22 வயதிலயே தொடங்கினால் 40இலயும் கோடு வராது' எண்டு சொல்கிறார்கள்.

கண்ணாடிக்கு முன்னால நின்று புருவத்தை உயர்த்திப் பாருங்கள். கோடு விழும். விடுங்கள். மறைந்துவிடும். எங்கட வயதில் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான். அது சுருக்கமே இல்லை, முகம் அசைகிறதன் அடையாளம். முகம் ஓய்வாக இருக்கும்போதும் மறையாமல் நிற்கிற கோடு வேறு, அது வர வருசங்கள் எடுக்கும். முதலாவதைக் காட்டி இரண்டாவதின் பயத்தைக் கிளப்புகிறதுதான் இந்த வியாபாரத்தின் கெட்டித்தனம்.

கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். நாலு மாதத்துக்கு ஒருக்கால் எண்டால் வருசத்துக்கு மூன்று தரம். 22இல் தொடங்கி 42 வரைக்கும் போட்டால் 60 தரம். இந்தச் சந்தாவைக் கட்டப் போவது யார்? தனியார் கம்பனியில் முதல் சம்பளம் எடுக்கிற பிள்ளையா, இல்லாட்டி லண்டனில் ரெண்டு வேலை செய்கிற சித்தப்பாவா?

இன்னொன்றும் இருக்கிறது. சுருக்கத்தின் கால அட்டவணை எல்லாத் தோலுக்கும் ஒன்றில்லை. தோலை முதுமையாக்குவதில் வயதுக்கு அடுத்த பெரிய பங்கு வெயிலுக்கு. எங்கட கறுப்பு, மாநிறத் தோலில் இருக்கிற மெலனின் அந்த வெயிலை ஓரளவு மறிக்கிறது. அதனால் எங்களுக்குச் சுருக்கம் வெள்ளைத் தோல்காரரை விடப் பொதுவாகப் பிந்தித்தான் வரும். ஆக, வேறொரு நாட்டு முகத்துக்கு எழுதிய விளம்பரத்தை எங்கட நெற்றியில் ஒட்டுகிறார்கள். கூத்தைப் பாருங்கள்: இந்தத் தோலை வெளுக்கச் சொல்லித்தான் எங்களுக்கு இவ்வளவு காலமும் கிறீம் வித்தவர்கள்!

இதை எழுதுகிறம் எண்டு தெரிந்ததும் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சண்டைக்கு வந்தார். அவருக்கு 43 வயது, கொழும்பில் வாடிக்கையாளர்களோடு கதைக்கிற வேலை. "உங்களுக்கு நெற்றி சும்மா கிடைச்சது, கதைப்பீங்கள். எனக்கு மேல வாறது 30 வயசுப் பொடியன். நான் களைச்ச மாதிரித் தெரிஞ்சா அடுத்த பதவி எனக்கில்லை. தலைக்கு மை அடிக்கிற ஆம்பிளையளை ஆரும் கேக்கிறியளோ?" நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. அவர் தோல் வைத்திய நிபுணரிடம் போகிறார், மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், எப்போது நிப்பாட்டலாம் எண்டும் தெரியும். அவரின் முகம், அவரின் காசு, அவரின் முடிவு. அதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்தையும் நாங்கள் பழிக்கவில்லை. பக்கவாதம் வந்து கை இறுகிப்போனவர்களுக்கு, மூளைவாதம் உள்ள பிள்ளைகளின் காலுக்கு, மாதத்தில் பாதி நாள் தலையிடியோடு கிடக்கிறவர்களுக்கு இதே ஊசி பெரிய உதவி. அப்படிப்பட்ட மருந்தை லிப்ஸ்டிக்கோடு ஒரே தட்டில் வைத்து விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அதனால், போடத்தான் போகிறீர்கள் எண்டால், கதிரையில் சாய முதல் இவற்றைக் கேளுங்கள்.

ஊசி போடுகிறவர் யார்? இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த டொக்டரா? வெள்ளைக் கோட்டு எல்லாருக்கும் கடையில் வாங்கலாம்.

மருந்துப் போத்தல் எங்கே? பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி பார்த்துப் படம் எடுங்கள். தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த மருந்தா எண்டு கேளுங்கள். பொட்டொக்ஸ் குளிரில் வைக்க வேண்டிய மருந்து, கரைத்த பிறகு 24 மணித்தியாலத்துக்குள் பாவிக்க வேண்டும் எண்டுதான் தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார்கள். பயணப் பையில் வந்த போத்தல், நேற்றுக் கரைத்த மிச்சம், இதெல்லாம் மலிவு ஒஃபருக்குப் பின்னால் இருக்கலாம். 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், ஆய்வுகூடத்துக்கு எண்டு வித்த நச்சை முகத்துக்குப் போட்ட நாலு பேர் உடல் முழுக்கச் செயலிழந்து, மூச்சுக்கு மெசின் பூட்டும் நிலைக்குப் போனார்கள். அதில் ஒருவர் அந்த ஊசியைப் போட்ட டொக்டர்.

உங்களிடம் ஏதாவது கேட்டார்களா? கர்ப்பமா, பால் குடுக்கிறீர்களா, தசையைப் பலவீனமாக்கும் நோய் இருக்கிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? இதெல்லாம் கேட்காமல் ஊசியை எடுத்தால் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு எழும்புங்கள்.

பிழைத்தால் யாரிடம் வருவது? போட்ட பிறகு விழுங்கக் கஷ்டம், கதைக்கக் கஷ்டம், மூச்செடுக்கக் கஷ்டம் எண்டால் பார்லருக்குக் கோல் எடுக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கலியாணத்துக்கோ வேறு முக்கியமான நாளுக்கோ மூன்று கிழமைக்கு முதல், வாழ்க்கையில் முதல் தரமாக எண்டால், தயவுசெய்து வேண்டாம். முழு விளைவும் தெரியவே ரெண்டு கிழமை ஆகும். பிழைத்தால் திருத்த நாளில்லை.

சட்டத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. இங்கிலாந்தில் 2021 ஒக்டோபரில் இருந்து 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசி போடுவது குற்றம். இங்கே ஏ.எல். சோதனை முடிந்த பிள்ளைகளுக்கு இந்த ஒஃபர் ஃபோனில் வருகிறது. யார் போடலாம், எங்கே போடலாம், எந்த வயதுக்கு மேல் எண்டதை எங்கட அதிகாரிகள் தெளிவாகச் சொல்லவும் வேண்டும், போய்ப் பார்க்கவும் வேண்டும்.

கடைசியாக எங்களைப் பற்றியும். கன நாளுக்குப் பிறகு ஒருத்தரைக் கண்டால் எங்கட வாயில் முதலில் வருவது என்ன? "என்ன இப்பிடிக் கறுத்துப் போட்டாய்?" "முகமெல்லாம் விழுந்து போச்சு." சுகமா எண்டு கேட்க முதலே முகத்துக்கு மார்க் போடுகிற சனம் நாங்கள். தோழியிடம் பிறகு கேட்டோம், உனக்கு நெற்றியில் கோடு இருக்கெண்டு யார் சொன்னது எண்டு. பார்லரில் சொன்னதுக்கு முதலே, நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்து எங்கட வட்ஸ்அப் குறூப்பில் யாரோ பகிடியாக எழுதியிருக்கிறோம், 'என்னடி, நெற்றியில ஏ9 ரோட்டே ஓடுது' எண்டு. எழுதினது யார் எண்டு அவள் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் போட்டிருந்தோம்.

ஐந்தாம் மாதம் அவளுக்குப் புருவம் திரும்ப அசையத் தொடங்கியது. இந்தக் கட்டுரையை வாசிக்கக் குடுத்தபோது, ஏ9 எண்ட இடத்தில் ஒருக்கால் நின்று, புருவத்தை உயர்த்தி எங்களைப் பார்த்தாள். நாலு கோடு. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.