ஆத்துல ஸ்கூபாவா?

புதுச்சேரியில கடலுக்குள்ள முங்கி சர்டிபிகேட் வாங்கிட்டு வந்த கிளாஸ்மேட் கேட்டான், "ஆத்துல எவனாவது ஸ்கூபா கத்துப்பானாடா?" கத்துக்கறாங்க மச்சி. அமெரிக்காவுல, ஃபுளோரிடாவோட ரெயின்போ ஆத்துல. ஊத்துத் தண்ணி, வருஷம் முழுக்க சுமார் 22 டிகிரி, கண்ணாடி மாதிரி இருக்கும்.

நம்ம தென்பெண்ணை அப்படி இல்லதான். கலங்கல், மணல் அள்ளின பள்ளம், வெள்ளம் வந்தா என்ன ஆகும்னு 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப பார்த்தோமே. அங்க சிலிண்டர் மாட்டிக்கிட்டு இறங்குன்னு நான் சொல்லல.

ஆனா பி.ஏ.டி.ஐ. முதல் நிலை சர்டிபிகேட் கேக்கறதைப் பாருங்க: 200 மீட்டர் நீச்சல், எதையும் பிடிக்காம 10 நிமிஷம் மிதக்கறது. காசு கட்டி டூர் போறவனுக்கு இது கட்டாயம். ஆத்தங்கரைப் பிள்ளைங்களுக்கு? யாரும் கேக்கல. 2022 ஜூன் 5-ல நெல்லிக்குப்பம் பக்கம் குச்சிப்பாளையத்துல கெடிலம் ஆத்துத் தண்ணியில மூழ்கி 7 பேர் போனாங்க. எல்லாரும் பெண்கள், சின்னப் பொண்ணுங்களும் உண்டு.

பி.காம் புத்தி, செலவுக் கணக்குதான் போடுது (ஹி ஹி). மிதக்கப் பழக ரெகுலேட்டர் வேணாம். எங்க பிரம்மதேசம் பக்கத்துல பெருசுங்க சுரைக்குடுக்கையை இடுப்புல கட்டிக் கிணத்துல பழகினவங்க. பொம்பளப் புள்ளைங்களை மட்டும் கரையிலயே உக்கார வெச்சாங்க. ஏன் சார்?