சிவப்பு அட்டைக்கு மட்டும் இந்தச் சாவகாசம் ஏன்?

சர்க்கார் அலுவலகங்களில் இனி வரிசையே இராது, கைத்தொலைபேசியைத் தட்டினால் சகல காரியமும் முடியும் என்று மேடைதோறும் முழங்குகிற கனவான்களையும், காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படியுங்கள் என்று ஜனங்களுக்குப் பொறுமையை உபதேசிக்கிற புண்ணியவான்களையும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுத நேர்ந்தது.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி, நோய்த்தொற்றுக்காக மூடியிருந்த மலேசிய எல்லைகள் திறந்தபின், கிள்ளான் பள்ளத்தாக்கில் கடப்பிதழுக்காக ஜனங்கள் விடியுமுன்பே வரிசை பிடித்ததும், பத்திரிகைகள் கூச்சலிட்டதும், முகப்பிடங்களும் வேலை நேரமும் கூடியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று 200 ரிங்கிட் கட்டியவருக்கு ஒரு மணி நேரத்தில் கடப்பிதழ் தருவதாகக் குடிநுழைவுத் துறை பெருமை பேசுகிறது, பேசட்டும், பெருமைதான். ஆனால் அதே உள்துறை அமைச்சின் கீழுள்ள தேசியப் பதிவிலாகாவில், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு பிரஜாவுரிமைக்கு மனுச் செய்த கிழவிக்கு வருஷக் கணக்கில் பதில் வருவதில்லையே, அது ஏன்?

2018இல் பிரதமர் மகாதீர், சிவப்பு அட்டை வைத்திருக்கும் 60 வயது கடந்த இந்தியர் 3,407 பேருக்குப் பிரஜாவுரிமை அளிக்கப்படும் என்று அறிவித்தார். இந்த எண்ணை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பதாக நண்பர்கள் பரிகசிப்பதுண்டு. சொல்லாமல் என்ன செய்வது? 2018இல் அறுபதைத் தாண்டியவர் 1958க்குள் பிறந்தவர். அதாவது, பெரும்பாலும், சுதந்திரம் பிறந்தபோது தவழ்ந்துகொண்டோ, ஓடியாடிக்கொண்டோ, பால்மரக் காட்டில் தாயின் வாளியைத் தூக்கிக்கொண்டோ இருந்தவர். தேசத்தின் வயதையொத்தவர்களை அந்நியராகவே வைத்திருந்துவிட்டு, ஓர் அறிவிப்பில் 3,407 பேரைத் தகுதியுடையவராக்க முடிந்ததென்றால், அதுகாறும் குறுக்கே நின்றது தஸ்தாவேஜா, மனமா?

முகப்பிடத்தில் அந்தக் கிழவி பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள்: மடிப்பில் கிழிந்த ஜனனப் பத்திரம், புருஷனின் மரணச் சான்று, எப்போதோ மூடப்பட்ட தோட்டத்தின் சம்பளச் சீட்டு. தகப்பன் எந்த வருஷம் கப்பலேறி வந்தான் என்று குமாஸ்தா கேட்கிறார். பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் இல்லை, மேனேஜர் துரையும் இல்லை, தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. யாரைச் சாட்சிக்கு அழைப்பாள்?

இவர்கள் மலாய் தெரியாதவர்கள் என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். தோட்டப் பள்ளியோடு படிப்பை விட்டு ஆயுள் முழுவதும் மரம் வெட்டியவளிடம் பாஷைப் பரீட்சை நடத்த விரும்புகிறவர்களோடு விவாதிப்பது வியர்த்தம்.

இதற்கு மகுடம் வைத்ததுபோல் வந்தது 2024 அக்டோபர் 17ஆம் தேதி 206 வாக்குகளால் மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நியாயம் செய்தது, சந்தோஷம். அதே கையோடு, இந்நாட்டில் நிரந்தரவாசிக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தானாகவே கிடைத்துவந்த பிரஜாவுரிமையைப் பறித்தது. பாட்டி காத்திருந்தது போதாதென்று பேரப்பிள்ளைக்கும் வரிசை எண் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள்! இது நிர்வாகத் தாமதமன்று, தெரிந்தே செய்த புறக்கணிப்பு.

அறுபது கடந்த சிவப்பு அட்டைக்காரர் அனைவருக்கும் ஒரே உத்தரவில் பிரஜைக்குரிய நீல அட்டை வழங்கவேண்டும். நிரந்தரவாசியின் குழந்தைக்கு இருந்த உரிமையைத் திருப்பித் தரவேண்டும். இந்தத் தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் தொகுதி எம்.பி. முறுக்குத் தின்ன வந்தால், தட்டை நீட்டுமுன் அந்த அக்டோபர் 17இல் எந்தப் பக்கம் வாக்களித்தீர் என்று கேளுங்கள்.