ஆடுற நாற்காலியும் வட்டியில்லாத் தவணையும்

பெங்களூரு வந்த நம்ம மக்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. நாற்காலி லேசாக ஆடினால் போதும், "மாத்திடலாம்பா!" 'வட்டியில்லாத் தவணை' என்று மொபைலில் ஒரு விளம்பரமும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் சொல்கிறேன், வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை போட்டுச் சொன்ன விஷயம் இது. வட்டி எங்கேயும் போகாது. விலைக்குள் ஒளிந்திருக்கும், இல்லாவிட்டால் பிராசசிங் கட்டணத்துக்குள், அதுவும் இல்லாவிட்டால் ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடிக்குள். கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு!

சரி, இத்தனையும் கொடுத்து எதை வாங்குகிறோம்? பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லையும் பசையையும் கலந்து அழுத்திய பலகை, மேலே தேக்குப் படம் போட்ட தாள். வீடு துடைக்கிற தண்ணீர் அடியில் இறங்கினால் பூரி மாதிரி உப்பும். நாமோ 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்டுகிற ஜாதி. ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஸ்க்ரூ பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகும்.

இதை வாங்குவதற்காக, ஊரிலிருந்து லாரியில் வந்த தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது சாமி. அதில் மரம் கெடவே இல்லை, இணைப்பில் இருந்த பசைதான் காய்ந்துவிட்டது.

வைத்தியம் ரொம்ப சுலபம். காலை மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். பழைய பசையை ஒட்டச் சுரண்டுங்கள் (இதில் சோம்பேறித்தனம் கூடாது, பழைய பசை மேல் புதுசு பிடிக்காது). துளை தளர்ந்திருந்தால் மெல்லிய மரச்சீவலைப் பசையோடு சுற்றிச் செருகுங்கள். கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். தயவுசெய்து ஆணி மட்டும் அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும்.

"நேரம் ஏதுப்பா?" என்பார்கள். சில்க் போர்டு சிக்னலில் தவம் கிடக்க நேரம் இருக்கிறது. டெலிவரிக்கு ஒரு நாள், பூட்டித் தர வருகிறவருக்கு இன்னொரு நாள் லீவு போடவும் நேரம் இருக்கிறது!

2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' தொடங்கினார். பழுதான சாமானை எடுத்துக்கொண்டு போனால் தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்யச் சொல்லித்தருவார்கள். 2015-ல் பூர்ணா சர்க்காரும் அந்தரா முகர்ஜியும் அதையே பெங்களூருவில் ஆரம்பித்தார்கள். நல்ல காரியம், வாழ்த்துகள். ஆனால் நாடாக் கட்டிலைத் தானே இறுக்கிக் கட்டிய தாத்தாவின் பேரன்களுக்கு இது ஹாலந்திலிருந்து வரவேண்டியிருக்கிறதே!

2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' தளம் ஒன்றைத் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் மின்னணுச் சாதனம், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நாலு துறைகள். மேசை நாற்காலிக்குத் தனி இடம் இல்லை. போகட்டும், பசையும் கயிறும் வாங்க எந்தக் கம்பெனியிடமும் உரிமை கேட்கவேண்டாமே.

பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால்கூட, பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி ஒப்பேற்றலாம். உப்பிப்போனதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. வீடு வீடாக வரும் குப்பை ஆட்டோக்காரரும் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.