பிரேம்சந்த் படத்துக்கு மாலை போதுமா?

இந்தியிலும் உருதுவிலும் சுமார் 300 சிறுகதைகள் எழுதிய பிரேம்சந்தை "நாவல் சக்கரவர்த்தி" என்று புகழும் பண்டிதர்கள் ஏராளம். ஜூலை 31-ல் அவர் பிறந்த நாள் வந்தால் படத்துக்கு மாலை போடுகிறார்கள். ஆனால் அவர் யாரைக் கண்டித்து எழுதினார் என்ற சங்கதியை மாத்திரம் மெதுவாக விழுங்கிவிடுகிறார்கள். ஏன் விழுங்குகிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

தோழர்களே! காசிக்கு அடுத்த லம்ஹி கிராமத்தில் 1880-ல் தன்பத் ராயாகப் பிறந்தவர் இவர். பள்ளிக்கூட உத்தியோகத்தில் இருந்துகொண்டே நவாப் ராய் என்ற பெயரில் எழுதினார். 1908-ல் வெளியான இவரது 'சோஸே வதன்' என்ற கதைப் புத்தகத்தை ராஜத்துவேஷம் என்று சொல்லி சர்க்கார் பிடுங்கி எரித்தது. 1910-ல் பிரேம்சந்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் எழுதினார். 1921-ல் உத்தியோகத்தையே உதறினார். சிறு வயதில் பெரியவர்கள் கட்டிவைத்த மனைவியைக் கைவிட்டது அவருடைய குற்றமே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1906-லேயே, ஊரார் தூற்றுவார்களே என்று அஞ்சாமல், பால்ய விதவையான சிவராணி தேவியை மணந்தார். அந்த அம்மையாரும் பின்னர் எழுத்தாளரானார்.

அவர் எழுதிய 'சத்கதி' கதையைப் பாருங்கள். மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கப் போன துக்கி என்ற சக்கிலியத் தோழனைப் பட்டினியோடு விறகு பிளக்க வைக்கிறான் புரோகிதன். துக்கி அங்கேயே விழுந்து சாகிறான். தொட்டால் தீட்டாம்! ஆகவே பிணத்தின் காலில் கயிறு கட்டி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் கங்கா ஜலம் தெளிக்கிறான். அவன் வாங்கிய வேலையில் தீட்டில்லை. செத்த உடம்பில்தான் தீட்டு! 1932-ல் எழுதிய 'தாக்கூரின் கிணறு' கதையிலோ, நோயாளிப் புருஷனுக்கு நல்ல தண்ணீர் வேண்டி இரவில் தாக்கூர் கிணற்றுக்குப் போன கங்கி, கதவு திறக்கும் சத்தம் கேட்டுக் குடத்தை விட்டுவிட்டு ஓடிவருகிறாள். வீட்டில் புருஷன் அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படி எழுதியதற்காக, பார்ப்பனர்மேல் வெறுப்பைப் பரப்புகிறார் என்று அவர் உயிரோடிருக்கும்போதே இந்திப் பத்திரிகைகளில் வைதார்கள். பிணத்தைக் கயிறு கட்டி இழுப்பது வெறுப்பல்லவாம். அதை எழுதுவதுதான் வெறுப்பாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம். சர்க்கார் புத்தகத்தை எரித்தது. இவர்களோ புத்தகத்தை வைத்துக்கொண்டு கருத்தை எரிக்கப் பார்க்கிறார்கள். இரண்டில் எது பெரிய கொடுமை?

1936 ஏப்ரலில் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அதே வருஷம் அக்டோபர் 8-ல், அச்சாபீஸ் நஷ்டத்திலும் நோயிலும் நொந்து, 56-ஆம் வயதில் இறந்தார். 1981-ல் சத்யஜித் ராய் 'சத்கதி'யைப் படமாக எடுத்தார். 1950-ல் வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்லியும், 31 வருஷத்துக்குப் பின்னும் அந்தக் கதை பழங்கதையாகத் தோன்றவில்லை என்றால், வெட்கப்பட வேண்டியவர் யார்?

கதையைப் படித்துக் கண்ணீர் விடுவது சுலபம், காசு செலவில்லை. துக்கிக்காக அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து புரோகிதனிடம் நாள் பார்க்கிறவன் பிரேம்சந்தைப் படித்தவனா? கங்கிக்காக இரங்கிவிட்டுத் தன் ஊர்க் கிணற்றில் ஜாதி பார்க்கிறவனுக்கு அவர் படத்துக்கு மாலை போட என்ன யோக்கியதை? மாலையைக் கீழே வைத்துவிட்டு முதலில் பதில் சொல்லட்டும்!