நின்றுபோன பழைய கார்

சென்னையில் 1961 முதல் உருவாகிச் சோழவரம் பந்தயங்களிலும் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களை இன்றும் பேணிவரும் அன்பர்களுக்காக இம்மாதம் சில சொற்கள் எழுதுகிறோம்.

ஐதராபாத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாளில், நெரிசலில் ஊரும் கார் திடீரென நின்றுவிட்டால், என்ஜின் கெட்டதென்று கலங்க வேண்டா. பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் சூட்டால் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பு இழுத்துத் தர இயலாமையால் கார்புரேட்டர் வறண்டுபோம். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சூடு ஆறும்வரை காத்திருப்பின் வண்டி பெரும்பாலும் மீண்டும் கிளம்பும். பம்பின்மேல் ஈரத்துணி இடுதலும் உதவும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடு தணியுமுன் திறத்தல் ஆகாது.

ஆயின் பெட்ரோல் மணம் வீசினால் அது வேறு நோய். 2025 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பெரும்பாலும் கிடைக்கிறது. அக்காலத்து ரப்பர்க் குழாய்கள் எத்தனாலுக்கென அமைந்தவை அல்ல. நாளடைவில் விரிசல் காணும். கசியும் பெட்ரோல் சூடான என்ஜின்மீது பட்டால் தீ மூளக்கூடும். ஆகவே மணம் தெரிந்தவுடன் என்ஜினை நிறுத்தி, குழந்தைகளை முதலில் இறக்கிவிடுங்கள். மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். எத்தனாலைத் தாங்கும் குழாயைப் பொருத்திய பின்னரே வண்டியை எடுங்கள்.

குழாயின் விலை சிறிது; ஏறி அமரும் குடும்பமோ பெரிது.