பீங்கானுக்குள் நடக்கும் பூகம்பம்

சாங்வியிலிருந்து முளா ஆற்றைக் கடந்து ஔந்த் வழியே சென்றால் புனே பல்கலைக்கழகம். அந்த வளாகத்தில்தான் 'சி-டாக்' நிறுவனம் வேரூன்றியது. சக்தி மிகுந்த கிரே கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்ததன் விளைவாக, 1991-ல் 'பரம் 8000' இங்கே பிறந்தது. டிராம்பே அணு ஆராய்ச்சி மையமும் அக்காலத்திலேயே 'அனுபம்' என்ற தன் சொந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக்கொண்டது. அணுசக்திக்கு இத்தனை பெரிய கணக்கு இயந்திரம் எதற்கு?

அணு உலைகளின் எரிபொருள் பெரும்பாலும் ஒருவகைப் பீங்கான்தான். யுரேனியம் ஆக்சைடுப் பொடியை வில்லையாக அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். உலையில் அணு பிளந்து சிதறும் துண்டுகள், கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் காய்களைக் கலைப்பதுபோல், மற்ற அணுக்களை இடம்பெயர்த்துவிடுகின்றன. பல அணுக்கள் கண நேரத்தில் தம் இடத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாதவற்றால் குறைகள் சேர்ந்து, வில்லை உப்புகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறைகிறது.

விநாடியில் லட்சம் கோடியில் சில பங்குக்குள் முடிந்துவிடும் இந்த மோதலைக் கண்ணால் காண வழியில்லை. ஆகவே கணக்கில் காண்கிறார்கள். 1960-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சில நூறு செப்பு அணுக்களைக் கொண்டு தொடங்கிய வித்தை, இன்று கோடிக்கணக்கான அணுக்களைக் கையாள்கிறது.

ஆனால் அணுக்களுக்கிடையே உள்ள விசையை நாம் ஊகித்துக் கொடுத்தால்தான் கம்ப்யூட்டர் விடை சொல்லும். ஊகம் பிசகினால் விடையும் பிசகும். தவிர, அது காட்டுவது நொடிப்பொழுது. உலையோ ஆண்டுக்கணக்கில் எரிவது.

கல்பாக்கத்தின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. எனவே 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையில், வேறெங்கும் முக்கிய எரிபொருளாகப் பயன்படாத புளூட்டோனிய-யுரேனியக் கார்பைடைத் துணிந்து போட்டார்கள். கணக்கை மட்டும் நம்பிவிடவில்லை. எரிபொருள் கோல்களை இடையிடையே வெளியே எடுத்து, தடித்த சுவருக்குப் பின்னால் வெட்டிச் சோதித்தார்கள். அதன் பிறகே வரம்பைப் படிப்படியாக உயர்த்தி, டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள்வரை சென்றார்கள்.

அங்கேயே கட்டப்பட்ட 500 மெகாவாட் ஈனுலைக்குக் கலப்பு ஆக்சைடுதான் எரிபொருள். அதன் மாதிரிக் கோல்கள் பழைய உலையில் 1,12,000 வரை சோதிக்கப்பட்டுள்ளன. புதிய உலையில் வரம்பை உயர்த்தும் ஒவ்வொரு படியிலும், கம்ப்யூட்டர் கணக்கோடு கோலை வெட்டிப் பார்த்த முடிவையும் வெளியிட வேண்டும். கல்பாக்கத்தைச் சுற்றி வாழும் மீனவர்களும் விவசாயிகளும் கேட்கக்கூடிய குறைந்தபட்ச நியாயம் இதுவே.